கேத்தோடில் ஆண்டிமணி ஏறுகிறது, பிளீடைக் கூட்டினால் சரியாகுமா?

பதிவு 1 | டேங்க்ஹவுஸ்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். செம்பு சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் டேங்க் ஹவுஸ் (மின்னாற்பகுப்புத் தொட்டிகள் இருக்கும் கூடம்) ஷிப்ட் பார்க்கிறேன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள், வடக்கே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேத்தோடில், அதாவது தூய செம்பு படியும் தகட்டில், ஆண்டிமணி வழக்கமாக 1 பி.பி.எம்முக்குக் கீழேதான் இருக்கும். இப்போது 3-ஐத் தாண்டி நிற்கிறது. சில லாட்டில் 4.6 வரை வந்துவிட்டது. பிஸ்மத் 0.4-இல் இருந்து 1.3-க்கு ஏறியிருக்கிறது. ஏ கிரேடு கேத்தோடு என்றால் ஆண்டிமணி 4, பிஸ்மத் 2, அதற்கு மேல் போகக்கூடாது. தாண்டிய லாட்டை எல்லாம் யார்டில் தனியாக அடுக்கி வைத்திருக்கிறோம், இடம் போதவில்லை.

எலக்ட்ரோலைட் (தொட்டிகளில் ஓடும் அமிலக் கரைசல்) நிலவரம், லிட்டருக்குக் கிராமில்: செம்பு 46, கந்தக அமிலம் 185, நிக்கல் 7.8, ஆர்சனிக் 6, ஆண்டிமணி 0.55, பிஸ்மத் 0.25. குளோரைடு 45 மில்லிகிராம். வெப்பநிலை 63 டிகிரி. மின்னோட்டம் சதுர மீட்டருக்கு 310 ஆம்பியர். செம்பு வழவழப்பாகப் படியச் சேர்க்கும் பசை, தயோயூரியா அளவில் மாற்றமில்லை.

எலக்ட்ரோலைட்டில் அழுக்கு கூடிவிட்டது, பிளீடை (நாள்தோறும் சுத்திகரிக்க வெளியே எடுக்கும் கரைசலை) இன்னும் கூட்டு என்கிறார் மேலாளர். அது சரியா?

பதிவு 2 | வேலையே_தெய்வம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எலக்ட்ரோலைட்டைக் கொஞ்சம் வெளியே எடு, சுத்தம் பண்ணு, புதுசு ஊற்று. அழுக்கு குறைந்தால் கேத்தோடு சுத்தமாகும். உங்கள் மேலாளர் சொல்வதுதான் சரி.

பதிவு 3 | பழைய_சூப்பரிண்டெண்ட்

தம்பி, ஒரு நிமிடம். பதில் சொல்வதற்கு முன்னால் சில கேள்விகள்.

ஆனோடு, அதாவது தொட்டியில் கரையும் தூய்மையற்ற செம்புத் தகடு, எங்கிருந்து வருகிறது? அண்மையில் மாறியதா? பழைய ஆனோடு, புது ஆனோடு இரண்டின் பகுப்பாய்வும் வேண்டும். ஆர்சனிக், ஆண்டிமணி, பிஸ்மத், நிக்கல் நான்கு போதும்.

காலையில் செல்லின் மேல் எட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது? தெளிவான நீலமா, இல்லை கொதித்து ஆறிய பாலில் ஆடை படர்ந்த மாதிரி சாம்பல் வெள்ளையாக ஏதாவது மிதக்கிறதா?

திரும்பி வரும் குழாயைக் கழற்றினீர்களா? உள்ளே பொறுக்கு தட்டியிருக்கிறதா?

கடைசியாக ஒன்று. நிக்கல் 7.8 என்கிறீர்கள். இந்த அமிலத்துக்கும் இந்த ஆம்பியருக்கும் ஓடும் ஆலையில் நிக்கல் அவ்வளவு கீழே இருப்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. பிளீடை ஏற்கனவே கூட்டிவிட்டார்களா?

பதிவு 4 | டேங்க்ஹவுஸ்_தம்பி

சார், நீங்கள் எங்கள் ஆலைக்கு வந்திருக்கிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆமாம். மூன்று மாதம் முன்பு சொந்த உருக்காலையில் பராமரிப்பு என்று வெளியே இருந்து ஆனோடு வாங்க ஆரம்பித்தார்கள். ஆண்டிமணி கொஞ்சம் ஏறியதும், இரண்டு மாதம் முன்பு பிளீடை இரண்டு மடங்காக்கினார்கள். நாளுக்கு 27 கன மீட்டர் இருந்தது, இப்போது 54. அதற்கப்புறம்தான் நிக்கல் 11-இல் இருந்து 7.8-க்கு இறங்கியது. ஆர்சனிக் 11-இல் இருந்து 6 ஆனது. மேலாளருக்கு அந்த கிராஃபைப் பார்த்து ஒரே சந்தோஷம். ஆண்டிமணி மட்டும்தான் அடங்கவில்லை.

பழைய ஆனோடு, பி.பி.எம்மில்: ஆர்சனிக் 1100, ஆண்டிமணி 350, பிஸ்மத் 180, நிக்கல் 600.
புது ஆனோடு: ஆர்சனிக் 420, ஆண்டிமணி 480, பிஸ்மத் 210, நிக்கல் 600.

செல்லின் மேல் ஆடை இருக்கிறது. விரலால் தொட்டால் மாவு மாதிரி நைசாக ஒட்டுகிறது. (கையுறை போட்டுத்தான் தொட்டேன், திட்டாதீர்கள்.) குழாயைக் கழற்றவில்லை, ஆனால் வெப்பப் பரிமாற்றியில் அழுத்தம் ஏறுகிறது என்று மெக்கானிக்கல் ஆட்கள் புலம்புகிறார்கள்.

பதிவு 5 | பிளஸ்டூ_வாத்தியார்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் வேதியியல் ஆசிரியர். நாங்கள் வகுப்பில் சொல்வது இவ்வளவுதான்: தூய்மையற்ற செம்பு ஆனோடு, தூய செம்பு கேத்தோடு, நடுவில் அமிலம் கலந்த செம்பு சல்பேட். செம்பு போய்ப் படியும், தங்கமும் வெள்ளியும் அடியில் சேறாக விழும், இரும்பும் துத்தநாகமும் கரைசலில் தங்கும். ஐந்து மதிப்பெண் கேள்வி, முடிந்தது. ஆர்சனிக், ஆண்டிமணி என்றெல்லாம் பாடத்தில் வரவே இல்லையே. அவை எந்தப் பக்கம்?

பதிவு 6 | பழைய_சூப்பரிண்டெண்ட்

வாத்தியார் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பியின் கதைக்கும் அதுதான் அடிப்படை.

பாடத்தில் இருப்பது தப்பில்லை. செம்பின் மின்னழுத்தம் 0.34 வோல்ட். வெள்ளி 0.80, தங்கம் அதற்கும் மேலே. செல்லில் நாம் கொடுப்பதே மொத்தம் 0.3 வோல்ட்டை ஒட்டித்தான். இரண்டு பக்கமும் செம்பு என்பதால் தடையைத் தாண்ட மட்டும் மின்சாரம் போதும். அதனால் வெள்ளியும் தங்கமும் கரையாமல் விழும், செலினியமும் டெல்லூரியமும் வெள்ளியோடும் செம்போடும் சேர்மமாகிக் கூடவே விழும். ஈயம் கரையும், ஆனால் உடனே சல்பேட்டாகி அடியில் படுத்துவிடும். நிக்கல், இரும்பு, துத்தநாகம், கோபால்ட் கரைந்து கரைசலிலேயே தங்கும். அவை கேத்தோடில் படிய மின்னழுத்தம் போதாது. இவர்களால் தலைவலி குறைவு. நாளுக்கு இவ்வளவு உள்ளே வருகிறது, பிளீடில் இவ்வளவு வெளியே போகிறது, கணக்கு முடிந்தது.

தொல்லை நடுவில் இருக்கும் மூன்று பேரால்தான். பிஸ்மத் ஏறத்தாழ 0.32, ஆர்சனிக் 0.25, ஆண்டிமணி 0.21. செம்புக்குப் பக்கத்து வீடு. ஆனோடில் இருந்து கரையும், கரைசலில் கொஞ்சம் தங்கும், கொஞ்சம் வீழ்படிவாகும், கொஞ்சம் எங்கும் சேராமல் மிதக்கும். அந்த மிதப்பதுதான் தம்பி பார்த்த ஆடை. டேங்க் ஹவுஸில் ஃப்ளோட்டிங் ஸ்லைம் என்போம்.

பதிவு 7 | வேலையே_தெய்வம்

மின்னழுத்தம் பக்கத்தில் இருந்தால் செம்போடு சேர்ந்து கேத்தோடில் படிகிறது, அவ்வளவுதானே? அப்படியானால் கரைசலில் அதன் அளவைக் குறைப்பதுதான் ஒரே வழி. நான் சொன்னதேதான் திரும்ப வருகிறது.

பதிவு 8 | ஆய்வக_அக்கா

இல்லை சார். கரைசலில் செம்பு 46 கிராம், ஆண்டிமணி அரை கிராம். கேத்தோடு முகத்தில் அவ்வளவு செம்பு தயாராக நிற்கும்போது அங்கே மிகை மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட், மிஞ்சினால் நூறை ஒட்டி வரும். ஆண்டிமணி படிய அது போதாது. பிளீடில் உள்ள செம்பை எடுக்கும் லிபரேட்டர் செல்லில், செம்பு வற்றிப்போன பிறகுதான் இவை மின்னால் படியும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே கேத்தோடில் வழவழப்பான இடத்தில் ஒரு துண்டு, முடிச்சு முடிச்சாக இருக்கும் இடத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாருங்கள். மின்னால் படிந்திருந்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு இருக்க வேண்டும். நான் பார்த்தவரை வழவழப்பான இடத்தில் அரை பி.பி.எம்கூட வராது, முடிச்சில் பல மடங்கு வரும். முடிச்சைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நைட்ரிக் அமிலத்தில் லேசாகக் காட்டி நுண்ணோக்கியில் வைத்தால் செம்புக்கு நடுவே பொடிப்பொடியாகக் கருந்துகள் சிக்கியிருப்பது தெரியும். மிதந்த சேறு மேலே ஒட்டி, அதைச் சுற்றிச் செம்பு வளர்ந்து மூடிக்கொண்டது. மின்வேதியியல் இல்லை, துகள் வெறுமனே சிக்கிக்கொண்டது.

தம்பி, முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு லாட்டுக்கு ஒரு சாம்பிள் என்று துளை போட்டு அனுப்பினால் உங்களுக்குச் சராசரிதான் வரும், காரணம் வராது.

பதிவு 9 | கோவை_வைண்டிங்

கோவையில் மோட்டாருக்கு எனாமல் வயர் வாங்கிச் சுற்றும் ஆள் நான். 4 பி.பி.எம் என்றால் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. இதற்கா இவ்வளவு கலாட்டா?

பதிவு 10 | பழைய_சூப்பரிண்டெண்ட்

உங்களுக்காகத்தான் அந்தக் கலாட்டாவே, அண்ணாச்சி. கேத்தோடு உருகி 8 மில்லிமீட்டர் ராடு ஆகி, அதை முடி கனத்துக்கு இழுத்துத்தான் உங்கள் கைக்கு வருகிறது. பிஸ்மத் செம்பில் கரையாது, படிகங்களின் எல்லைக்கோட்டில் போய் உட்காரும், கம்பி இழுக்கும்போது அங்கேதான் அறும். செலினியம், டெல்லூரியம், ஆண்டிமணி எல்லாம் செம்பு மிருதுவாகும் வெப்பநிலையை மேலே தள்ளும். உங்கள் வயர்காரர் அதே அடுப்பில் அதே வேகத்தில் ஓட்டுவார், கம்பி மட்டும் விறைப்பாக வரும், ஸ்லாட்டில் படியாமல் எகிறும். கேத்தோடுத் தரத்தில் செலினியம், டெல்லூரியம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தே 3 பி.பி.எம்முக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தது சும்மா இல்லை. அதே தரத்தில் வெள்ளிக்கு 25 வரை இடம் உண்டு, ஏனென்றால் வெள்ளி கம்பியைக் கெடுப்பதில்லை. அது ஆலைக்காரன் பையைத்தான் கெடுக்கும்.

பதிவு 11 | கோவை_வைண்டிங்

ஓ, போன வருடம் ஒரு டிரம் முழுக்க எகிறிக்கொண்டு வந்தது. இப்போது புரிகிறது. நன்றி சார்.

பதிவு 12 | ஆய்வக_அக்கா

தம்பியின் ஆனோடு எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். எடையில் பார்த்தால் ஏமாந்துபோவோம், அணு எண்ணிக்கையில் பார்க்க வேண்டும். ஆர்சனிக்கின் அணு எடை 75, ஆண்டிமணி 122, பிஸ்மத் 209.

பழைய ஆனோடு: ஆர்சனிக் 1100-ஐ 75-ஆல் வகுத்தால் 14.7. ஆண்டிமணி 350 வகுத்தல் 122, அது 2.9. பிஸ்மத் 180 வகுத்தல் 209, அது 0.86. ஆர்சனிக்குக்கும் மற்ற இரண்டின் கூட்டுக்கும் விகிதம் கிட்டத்தட்ட 3.9.

புது ஆனோடு: 5.6-க்கு எதிரே 3.9-உம் 1-உம். விகிதம் 1.14.

நோய் இங்கேதான் இருக்கிறது.

பதிவு 13 | பழைய_சூப்பரிண்டெண்ட்

அக்கா போட்ட கணக்கைத்தான் நானும் எதிர்பார்த்தேன். இந்த விகிதம் 2-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பலரும் பிடித்துக்கொண்டிருக்கும் பொதுவிதி.

காரணம் இது. ஆர்சனிக் போதுமான அளவு இருந்தால் ஆண்டிமணியும் பிஸ்மத்தும் ஆர்சனேட்டாக மாறி, ஆனோடுக்குப் பக்கத்திலேயே படிகமாகத் திரண்டு, கனமாகி, மற்ற சேறோடு அடியில் இறங்கிவிடும். ஆர்சனிக் குறைந்தால் ஆண்டிமணி ஆக்சிஜனேற்றமாகி, உருவமில்லாத, மிக நைசான, இறங்கவே இறங்காத பொடியாக மாறும். அது ஓட்டத்தோடு சுற்றும். கேத்தோடில் கொஞ்சம் கரடுமுரடு கிடைத்தால் அங்கே ஒட்டும், குளிர்ந்த இடத்தில் பொறுக்காகும், வெப்பப் பரிமாற்றியை அடைக்கும். மெக்கானிக்கல் ஆட்கள் புலம்புவதும் கேத்தோடில் 4.6 வருவதும் ஒரே வியாதிதான்.

இப்போது உங்கள் மேலாளர் செய்ததைப் பார்ப்போம். நாளுக்கு 500 டன் ஆனோடு கரைகிறது என்று வைப்போம். நிக்கல் 600 பி.பி.எம் என்றால் 300 கிலோ உள்ளே வருகிறது, பெரும்பாலும் எல்லாமே கரையும். 27 கன மீட்டர் பிளீடில் 300 கிலோ வெளியேற வேண்டுமானால் லிட்டருக்கு 11 கிராம் இருக்க வேண்டும். உங்கள் பழைய எண் அதுதான், அதனால் 500 டன் என்ற என் ஊகமும் பெரிதாகத் தப்பாது. ஆர்சனிக்கில் மூன்றில் இரண்டு பங்கு கரைகிறது என்று வைத்தால் புது ஆனோடில் இருந்து வருவது நாளுக்கு 140 கிலோ. 54 கன மீட்டர் பிளீடில் அது கடைசியில் 2.6 கிராமில் போய் நிற்கும். இப்போது 6-இல் இருக்கிறீர்கள், இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஆண்டிமணி ஏன் இறங்கவில்லை? ஏனென்றால் அது ஏற்கனவே கரைசல் தாங்கும் அளவை ஒட்டி நிற்கிறது. நீங்கள் எடுத்தால் ஆனோடும் மிதக்கும் பொடியும் திரும்பக் கொடுக்கும். பிளீட் எளிதாக எடுத்துக்கொண்டு போவது நிக்கலையும் ஆர்சனிக்கையும்தான். ஆண்டிமணியைப் பிடித்து அடியில் இறக்கும் ஆளை அவர் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

பிளீடைப் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள். கூட்டக்கூடாது. மறுபடி சொல்கிறேன், கூட்டக்கூடாது.

பதிவு 14 | வேலையே_தெய்வம்

அசுத்தத்தைக் குறைக்க இன்னொரு அசுத்தத்தை வளர்ப்பதா? அதுவும் ஆர்சனிக்கை? நாளைக்கு கேத்தோடில் ஆர்சனிக் ஏறினால் என்ன செய்வீர்கள்?

பதிவு 15 | பழைய_சூப்பரிண்டெண்ட்

நியாயமான கேள்வி. சிலியில் சூக்கிகமாட்டா தாதுவில் எனார்கைட் என்ற செம்பு-ஆர்சனிக் கனிமம் தாராளமாக இருக்கும். ஆர்சனிக் இவ்வளவு மிகுந்த தாதுவில் இருந்தும் அங்கே பல காலமாக ஏ கிரேடு கேத்தோடு எடுத்திருக்கிறார்கள். லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் ஆர்சனிக் பல ஆலைகளில் சாதாரணம். கரைந்த நிலையில் தெளிவாக இருக்கும் ஆர்சனிக் கேத்தோடுக்குப் பெரிய ஆபத்தில்லை, நன்றாகக் கழுவினால் போதும். தரமும் ஆர்சனிக்குக்கு 5 பி.பி.எம் வரை இடம் கொடுக்கிறது. ஆனோடில் ஆர்சனிக் போதாவிட்டால் வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளும் ஆலைகளும் உண்டு.

பதிவு 16 | முத்துநகர்

தூத்துக்குடியில் இருந்து படிக்கிறேன். நீங்கள் பேசும் தொழில்நுட்பத்தில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2018 மே மாதம் எங்கள் ஊரில் 13 பேர் துப்பாக்கிச்சூட்டில் இறந்த பிறகு, 'ஆர்சனிக்கை வைத்துக்கொள்ளுங்கள், பிளீடில் இவ்வளவு போகும்' என்று யாராவது எழுதினால் எங்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். பிளீடில் போனது எங்கே போகிறது?

பதிவு 17 | மட்டுறுத்துநர்

ஆலை மூடல், வழக்கு, தீர்ப்பு பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். ஆனால் முத்துநகர் கேட்ட கேள்வி இந்த இழைக்கு உரியதுதான். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

பதிவு 18 | பழைய_சூப்பரிண்டெண்ட்

சொல்கிறேன். மறைக்க எதுவும் இல்லை, ஆனால் கேட்க அவ்வளவு இனிமையாக இருக்காது.

பிளீட் லிபரேட்டர் செல்லுக்குப் போகும். அங்கே ஈய ஆனோடு, கரையாதது. முதல் கட்டத்தில் செம்பு ஓரளவு நல்ல தகடாக வரும். அடுத்த கட்டத்தில் கருப்பாகும். கடைசிக் கட்டத்தில் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த கருஞ்சேறாகக் கொட்டும், ஆண்டிமணியும் பிஸ்மத்தும் அதில்தான். மிச்சக் கரைசலை ஆவியாக்கினால் நிக்கல் சல்பேட் படிகம், அது விற்பனைக்கு. மீந்த அமிலம் திரும்ப டேங்க் ஹவுஸுக்கு.

அந்தக் கருஞ்சேற்றைப் பல ஆலைகள் திரும்ப உருக்காலைக்கே அனுப்பும், உள்ளே செம்பு இருக்கிறதே. அப்படி அனுப்பிய ஆர்சனிக் ஒரு பங்கு மறுபடி ஆனோடில் ஏறி வரும், ஒரு பங்கு புகைத்தூசியில் போகும். டேங்க் ஹவுஸ்காரன் பிளீட் குழாயோடு தன் கணக்கை முடித்துக்கொள்கிறான், ஆனால் ஆர்சனிக்கின் கணக்கு அங்கே முடிவதில்லை. வட்டத்தில் எங்காவது ஒரு வாசல் வேண்டும். இன்றைக்குத் தெரிந்த நல்ல வாசல், இரும்போடு சேர்த்து ஸ்கோரோடைட் என்ற படிகமாக்கி, நீரில் எளிதில் கரையாத நிலையில் புதைப்பது. சிலியில் கோடெல்கோவின் துணை நிறுவனம் எக்கோமெட்டாலெஸ் அதைச் செய்கிறது. செலவு உண்டு, லாபம் இல்லை. அதனால்தான் கேட்க ஆள் இல்லாத இடத்தில் செய்வதில்லை. உங்கள் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பதிவு 19 | ஆய்வக_அக்கா

லிபரேட்டர் பேச்சு வந்ததால் ஒன்று சேர்த்துவிடுகிறேன். கடைசிக் கட்டத்தில் செம்பு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் கீழே போனால் கேத்தோடில் ஹைட்ரஜன் வர ஆரம்பிக்கும், அது ஆர்சனிக்கோடு சேர்ந்து ஆர்சைன் வாயு ஆகும். நிறம் கிடையாது. பூண்டு வாசனை வரும் என்பார்கள், வாசனை தெரிவதற்குள் அளவு எல்லை மீறியிருக்கும். அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவே 0.05 பி.பி.எம். இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், சில மணி நேரம் கழித்துச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனபிறகுதான் பலருக்குத் தெரியவரும்.

பிளீடை இரண்டு மடங்காக்கியபோது லிபரேட்டரில் செல் எண்ணிக்கையைக் கூட்டினார்களா? இல்லை அதே செல்லில் ஆம்பியரை ஏற்றினார்களா? தம்பி, ஆண்டிமணியை விட்டுவிட்டு இதை முதலில் பாருங்கள். மேல்மூடி, உறிஞ்சி, டிடெக்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பதிவு 20 | டேங்க்ஹவுஸ்_தம்பி

ஆம்பியரைத்தான் ஏற்றினார்கள், அக்கா. டிடெக்டர் இருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வரவில்லை. பாதுகாப்புத் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசிக் கட்ட செல்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன சோதனையும் செய்தேன். ஒரே கேத்தோடு, வழவழப்பான நடுப்பகுதியில் ஆண்டிமணி 0.6. மேல் விளிம்பில் முடிச்சுப் பகுதியில் 11. துண்டை மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பதிவு 21 | பழைய_சூப்பரிண்டெண்ட்

மேல் விளிம்பிலா? அப்படியானால் இன்னொரு வேலையும் இருக்கிறது. மிதக்கும் பொடி இருந்தாலும் ஒட்ட இடம் கிடைக்காவிட்டால் ஒட்டாது. முடிச்சு ஏன் வருகிறது என்று பாருங்கள்.

பசையை எப்படிக் கரைக்கிறார்கள்? நின்று பாருங்கள். அவசரத்துக்குக் கொதிக்க வைத்தால் பசையின் நீண்ட மூலக்கூறு உடைந்துபோகும். எடை போட்ட கணக்கில் பசை போயிருக்கும், செல்லில் வேலை செய்ய ஒன்றும் இருக்காது. அப்படியே சரியாகக் கரைத்தாலும் 63 டிகிரி அமிலத்தில் பசை சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், அதனால் ஷிப்டுக்கு ஒரு தடவை வாளியில் ஊற்றுவது உதவாது. சொட்டுச் சொட்டாக விடாமல் போக வேண்டும். பசை போதாமல் போனால் முடிச்சு வரும். அதற்காகத் தயோயூரியாவைக் கூட்டினால் கேத்தோடில் கந்தகம் ஏறும். குளோரைடு 45 நன்றாகவே இருக்கிறது, கை வைக்காதீர்கள்.

ஓட்டத்தையும் பாருங்கள். பிளீடைக் கூட்டிய கையோடு சுற்றோட்டத்தையும் யாராவது கூட்டியிருந்தால் அடியில் படுத்திருந்த சேறு எழுந்து வரும். ஆனோடை எடுத்து வைக்கும்போது கிரேன் இடிக்கிறதா, தொங்கல் நேராக இருக்கிறதா? நாங்கள் செம்புத் தொடக்கத் தகட்டில் (கேத்தோடு வளர அடியாக வைக்கும் மெல்லிய செம்புத் தகடு) வேலை பார்த்தவர்கள், அது வளைந்து கொண்டே நிற்கும், ஷார்ட் தேடியே பாதி ஷிப்ட் போகும். 1978-இல் ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில்லில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு கொண்டு வந்தபிறகுதான் நிமிர்ந்த கேத்தோடு என்றால் என்ன என்று உலகமே பார்த்தது. உங்களிடம் எஃகுத் தகடு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதையும் வளைத்து வைத்திருக்கும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

பதிவு 22 | ரெசின்காரர்

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. அமினோபாஸ்போனிக் வகை அயனிப் பரிமாற்ற ரெசின் ஒரு தொட்டி வைத்தால் ஆண்டிமணியையும் பிஸ்மத்தையும் மட்டும் பிடித்துக்கொள்ளும், செம்பு, நிக்கல், ஆர்சனிக்கை விட்டுவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கழுவி எடுத்துவிடலாம். ஜப்பானில் பல வருடமாக ஓடுகிறது. வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பதிவு 23 | பழைய_சூப்பரிண்டெண்ட்

ரெசின் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆர்சனிக்கைத் தொடாமல் மற்ற இரண்டை மட்டும் எடுக்க அதைவிட நேரான வழி இல்லை. ஆனால் விற்பவர்கள் சொல்லாமல் விடும் இரண்டையும் நான் சொல்லிவிடுகிறேன். ஐந்து இணைதிறன் கொண்ட ஆண்டிமணி ரெசினில் ஏறினால் எளிதில் இறங்காது, கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்று இணைதிறன் இரும்பும் அதே மாதிரி. அதற்காக முன்னால் செம்புத் துண்டுகள் மேல் கரைசலை ஓடவிட்டு அந்த இரும்பை இரண்டு இணைதிறனுக்கு இறக்க வேண்டும். அப்புறம், கழுவிய குளோரைடு சரியாக வெளியேறாமல் எலக்ட்ரோலைட்டுக்குள் வந்தால் 45 மில்லிகிராம் எங்கேயோ ஏறிவிடும். பணம் ஒதுக்கி, ஆள் பழக்கி வைக்க வேண்டிய சாதனம் அது. தம்பிக்கு யார்டு நிரம்பியிருக்கிறது, ரெசின் அடுத்த வருட பட்ஜெட்டில் வரட்டும்.

இப்போதைக்கு ஆனோடைக் கலந்து போடுங்கள். பழையது கைவசம் இருக்கிறதா?

பதிவு 24 | ஆய்வக_அக்கா

பாதிக்குப் பாதி கலந்தால் விகிதம் 2.3 வருகிறது. மூன்றில் ஒரு பங்குதான் பழையது என்றால் 1.9, அது போதாது. பாதிக்குக் குறையாமல் பாருங்கள். கலப்பது என்றால் ஒரு செல்லில் பழையது, அடுத்த செல்லில் புதியது என்று வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கலந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆர்சனேட்டாகும் வேலை ஆனோடுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

பதிவு 25 | டேங்க்ஹவுஸ்_தம்பி

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

11 பி.பி.எம் துண்டு வேலை செய்தது. பிளீட் 27-க்குத் திரும்பியது. சொந்த உருக்காலை மறுபடி ஓட ஆரம்பித்ததால் பாதிக்குப் பாதி ஆனோடு கலக்க முடிகிறது. பசைத் தொட்டியில் நீராவி வால்வு சரியாக மூடாமல் இருந்தது, உள்ளே கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாற்றியாயிற்று. இப்போது பம்ப் வைத்துச் சொட்டாகப் போகிறது. ஓய்வில் கிடந்த ஃபில்டரை எடுத்து ஓட்டத்தின் ஒரு பங்கை அதன் வழியே விடுகிறோம். துணியில் சாம்பல் நிறக் களி கை கனத்துக்குப் பிடிக்கிறது.

கடைசி லாட்களில் ஆண்டிமணி 1.8, பிஸ்மத் 0.7. ஆர்சனிக் 6.7-க்குத்தான் வந்திருக்கிறது, நிக்கல் 8.4. மேலாளர் இப்போது நிக்கல் ஏறுகிறதே என்று கவலைப்படுகிறார். எங்கே நிறுத்துவது?

பதிவு 26 | பழைய_சூப்பரிண்டெண்ட்

ஆர்சனிக் மெதுவாகத்தான் ஏறும். உங்கள் தொட்டி, குழாய் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் கன மீட்டர் கரைசல் இருக்கும், அது அசைய மாதக்கணக்காகும். இந்தக் கலவையில் கடைசியில் 9 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். இப்போது கிடைத்த முன்னேற்றம் பெரும்பாலும் பசை வால்வாலும் ஃபில்டராலும் கலந்த ஆனோடாலும்.

நிக்கல் இதே பிளீடில் 11-க்குத் திரும்பி நிற்கும், உங்கள் ஆலை அதில் நன்றாக ஓடியதுதானே. எண்ணைப் பார்க்க வேண்டாம், செல் வோல்டேஜைப் பாருங்கள். நிக்கல் கூடினால் செம்பு சல்பேட் கரையும் இடம் குறையும், ஆனோடு முகத்தில் படிகமாக உறைந்து ஆனோடு செயலிழக்கும். அதற்கு முன்னால் வோல்டேஜ் ஏறி இறங்கி ஆட ஆரம்பிக்கும். குளிர்காலத்தில், வெப்பம் கடைசியாகப் போய்ச் சேரும் வரிசையில்தான் முதலில் தெரியும். அந்த வரிசையின் கடைசி இரண்டு செல்லுக்குத் தனியாக ஒரு வோல்ட்மீட்டர் ரெக்கார்டர் வைக்கச் சொல்லுங்கள்.

பதிவு 27 | ஆய்வக_அக்கா

அந்த ஃபில்டர் களியைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு கைப்பிடி உலர்த்தி வெள்ளியும் ஆண்டிமணியும் பார்த்து இங்கே எண்ணைப் போடுங்கள். வெள்ளி நிறைய இருந்தால் மிதப்பது ஆண்டிமணி மட்டும் இல்லை, அடிச்சேறும் எழுந்து வருகிறது என்று அர்த்தம். அப்போது ஓட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.